இன்றைக்குச் சொல்லாவிட்டால்

போன மாதம் எனக்குப் பிரியாவிடை வைத்தார்கள். கேக் வெட்டி, மாலை போட்டு, மேலதிகாரி பேசி முடித்த பிறகு, புதிதாகச் சேர்ந்த பெண்கள் நாலைந்து பேர் என் கதிரையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அவர்களில் ஒருத்திக்கு இப்போதுதான் முதற்பிள்ளை பிறந்திருக்கிறது. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் வேலைக்கு வருகிறாள்.

"மிசிஸ், உங்கட அவர் புல்மோட்டையில. நீங்கள் இஞ்ச மூண்டு பிள்ளையளோட. இவ்வளவு வருசமும் ஒரு நாளும் பிந்தி வரேல்லையாம். எப்பிடிச் சமாளிச்சனீங்கள்?" என்று கேட்டாள்.

"முதல் நாலு வருசம் சமாளிக்கேல்லை," என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு நேரமில்லாததால் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

திருகோணமலை ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் சேர்ந்தது ஐம்பதுகளின் கடைசியில். அதற்கு முன்பு கொழும்பில் சில மாதம் பயிற்சி. அங்கே கற்றுத் தந்ததை இரண்டு வரியில் அடக்கலாம். குரலில் கோபமும் இருக்கக்கூடாது, சிரிப்பும் இருக்கக்கூடாது. இணைப்பைக் கொடுத்த கணத்தில் காதை மூடிக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் போர்டில் இருந்துதான் படித்தேன்.

இன்றைய பிள்ளைகள் பார்த்திராத போர்ட் அது. ஆளுயரப் பலகை. அதில் வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளைக்கு மேலும் சின்னதொரு தகட்டு மூடி. யாராவது ரெலிபோனை எடுத்தால் அவருடைய மூடி 'டக்'கென்று விழும். ஒரு கயிற்றை அந்தத் துளையில் குத்தி, எந்த இலக்கம் வேண்டும் என்று கேட்டு, சோடிக் கயிற்றை அந்த இலக்கத்தில் குத்தி, சாவியைத் தள்ளினால் மணி அடிக்கும். அவர்கள் பேசத் தொடங்கியதும் நாங்கள் சாவியை மீட்டுவிட வேண்டும். அதற்கு மேல் கேட்டால் குற்றம். வெளியூர் அழைப்பென்றால் துண்டில் எழுதி, நேரம் போட்டு, முறைப்படி அடுக்கி, கொழும்புக் கோடு கிடைத்ததும் ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். சாதாரண அழைப்புகள் எழுதிய ஒழுங்கில் போகும். இரட்டைக் கட்டணம் கட்டிய அவசர அழைப்பு அவற்றுக்கு முன்னே போகும். விதி அவ்வளவுதான்.

அந்த விதிக்குக் காவலாக இருந்தவர் எங்கள் பொறுப்பதிகாரி கனகசபை. கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பு. காலை ஆறேகாலுக்கே வந்துவிடுவார். நாங்கள் ஆறரைக்கு இருக்கும்போது பின்னால் வந்து நின்று, ஒவ்வொரு கயிற்றையும் தொட்டுப் பார்க்கச் சொல்வார். கயிற்று முனையை உலோகத்தில் தட்டினால் காதில் ஒரு சொடுக்குக் கேட்க வேண்டும். கேட்காத கயிற்றைத் தன் கையாலேயே கழற்றுவார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யாராவது பிழை விட்டால், நடந்ததை ஒரு தாளில் அழகான கையெழுத்தில் எழுதிக் கொண்டுவந்து முன்னால் வைப்பார். "வாசிச்சுப் பாருங்கோ. பிழை எண்டால் திருத்துங்கோ," என்பார். திருத்துவதற்கு ஒரு எழுத்தும் இருக்காது. ஏன் என்று வாயால் கேட்கவும் மாட்டார். "காரணத்தை எழுதித் தாங்கோ" என்பதுதான் அவருடைய கேள்வி.

கலியாணமாகி மூன்று பிள்ளைகளும் பிறந்தார்கள். இவருக்கு, என் கணவருக்கு, புல்மோட்டையில் மணல் வேலைத்தலத்தில் மெக்கானிக் வேலை. சனி பின்னேரம் வருவார், ஞாயிறு பின்னேரம் பஸ் ஏறிவிடுவார். கிழமை நாட்களில் வீடும் நான், கந்தோரும் நான். அது போதாதென்று சேர்ச்சில் பாட்டுக்குழு, ஞாயிறு பள்ளி, மாதர் சங்கம், பக்கத்து வீட்டுப் பெட்டைகள் இரண்டு பேருக்கு இங்கிலீஷ் பாடம். எக்ஸ்சேஞ்சில் இருப்பதால் ரெலிபோனே என்னுடையது என்று சொந்தக்காரருக்கு நினைப்பு. அவருக்குச் சொல்லிவிடு, இவரைக் கேட்டுவிடு, இந்தப் படிவத்தை நிரப்பிக் கொடு என்று ஆள் மாறி ஆள் வருவார்கள். எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். ஏலாது என்ற சொல் என் வாயில் வராது.

ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு இலக்கம் கேட்டார்கள். நான் குத்தியது மீனுக்கு ஐஸ் போடுகிற கொட்டிலில், மீன்காரருடைய ஐஸ் வாடியில். குத்திவிட்டு அடுத்த மூடிக்குப் போய்விட்டேன். டொக்டர் நாலு நிமிடம் ஐஸ் வாடிக்காரனோடு மல்லுக்கட்டினார். அதே நாள் பின்னேரம், வேலை முடிந்து நேரே பாட்டுப் பயிற்சிக்குப் போனேன். இரண்டாம் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போதுதான், கொன்வென்ற் வாசலில் என் இரண்டாவது மகள் காத்திருப்பாள் என்பது நினைவு வந்தது. ஓடிப்போனேன். படியில் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் ஒரு சிஸ்டர்.

"பிள்ளை அழேல்லை, மிசிஸ் அருள்நாயகம். நல்ல பிள்ளை," என்றார் சிஸ்டர்.

அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை கனகசபையின் தாள் போர்டில் இருந்தது. ஆஸ்பத்திரி கேட்ட இலக்கம் இது, கொடுத்த இலக்கம் இது, நாலு நிமிடம். வாசித்தேன். திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து, கலண்டர்த் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் நான் செய்கிற வேலை எல்லாவற்றையும் எழுதினேன். தாள் நிறைந்து ஓரத்திலும் எழுத வேண்டியதாயிற்று. பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே கேள்வியைக் கேட்டேன். இதை இன்றைக்கு நான் செய்யாவிட்டால் என்ன நடக்கும்? பாட்டுக்குழுவுக்குப் போகாவிட்டால் இன்னொருத்தி பாடுவாள், என்னைவிட நன்றாகவே பாடுவாள். மாமாவின் படிவத்தை நிரப்பாவிட்டால் அவரே நிரப்புவார். மனுசன் அந்தக் காலத்து சீனியர் சோதனை பாஸ். ஆனால் பிள்ளையை எடுக்காவிட்டால் பிள்ளை படியில் இருக்கும். போர்டில் கவனம் பிசகினால் ஆஸ்பத்திரியில் கிடக்கிற வருத்தக்காரனுக்கு ஐஸ் வாடிதான் கிடைக்கும்.

கடைசியில் மிஞ்சியது மூன்று. போர்ட். வேலை முடிந்ததிலிருந்து படுக்கும்வரை பிள்ளைகள். சனி பின்னேரம் இவர். இந்த மூன்றுக்கும் பிறகு இடமிருந்தால் மற்றது.

சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் ஏலாது என்று சொன்னேன். பாட்டுக்குழுத் தலைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமா ஆறு மாதம் எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. "அவ இப்ப பெரிய உத்தியோகக்காரி" என்று ஊரெல்லாம் சொன்னார். ஆனால் படிவத்தைத் தானே நிரப்பி அனுப்பியிருந்தார்.

பிறகு கனகசபையிடம் போனேன். மாறி மாறி வருகிற முறை எனக்கு ஏலாது, நிரந்தரமாகக் காலை முறை வேண்டும், இரண்டு மணிக்கு விடவேண்டும் என்று கேட்டேன்.

"காரணத்தை எழுதித் தாங்கோ."

எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டு மேசையில் வைத்தார்.

"இதில நீங்கள் கேக்கிறது இருக்கு. குடுக்கிறது எங்க?"

அன்றிரவு யோசித்து, மறுநாள் இன்னொரு தாள் கொடுத்தேன். தைப்பொங்கல், தீபாவளி, நோன்புப் பெருநாள், வெசாக், எந்த விடுமுறை நாளானாலும் நான் வருகிறேன். நத்தாரும் பெரிய வெள்ளியும் மட்டும் எனக்கு வேண்டும். அவர் சிவப்புப் பென்சிலால் ஓரத்தில் ஒப்பம் வைத்தார். அதன்பிறகு எல்லாருடைய பண்டிகைக்கும் நான் போர்டில் இருந்தேன். இரண்டு மணிக்கு ஒரு நிமிடமும் பிந்தாமல் எழும்பினேன். "மிசிஸ் எழும்பினா மணிக்கூட்டைச் சரிபண்ணலாம்," என்பாள் பக்கத்துப் போர்ட் பிலோமினா. அப்படிச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அந்த இரண்டு மணியை நான் மீறிய நாள் ஒன்று உண்டு.

அறுபதுகளின் கடைசியில் ஒரு மாரி. இரவெல்லாம் காற்றும் மழையும். விடிய எழும்பிப் பார்த்தால் எங்கள் வேலியில் அரைவாசி பக்கத்து வளவில் கிடந்தது. சின்னவனுக்கு முதல்நாளே காய்ச்சல். மருந்து கொடுத்து, பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டு, "ரெண்டு மணிக்கு அம்மா வந்திடுவன்" என்று சொல்லிவிட்டு, முழங்காலளவு தண்ணீரில் நடந்து கந்தோருக்குப் போனேன். கனகசபை அங்கே இல்லை. கந்தளாய் வீதியில் கம்பங்கள் சரிந்துகிடப்பதாகச் செய்தி வந்து, கோடு பார்க்கும் ஆட்களோடு விடியவே போய்விட்டிருந்தார்.

கொழும்புக்கு இருந்த கோடுகளில் ஒன்றுதான் உயிரோடு இருந்தது. அதுவும் எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெளித்தது போல இரைந்துகொண்டிருந்தது. எட்டரைக்கு அதுவும் செத்தது. அதற்குள் துண்டுகள் குவியத் தொடங்கிவிட்டன. முதலாவது ஆஸ்பத்திரி, அவசர அழைப்பு. அடுத்து, நகரத்தில் பெரிய கடை வைத்திருந்த முதலாளி ஒருவர், அதுவும் அவசர அழைப்பு. அவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு, கோடு வந்துவிட்டதா என்று கேட்டார். நான் கேட்காமலே விஷயத்தையும் சொன்னார்.

"பாதை உடைஞ்சு கிடக்குது பிள்ளை. ரெண்டு நாளையில வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் விலை ஏறும். என்ர ஆள் இண்டைக்கே கொழும்பில வாங்கிப் போடவேணும். முதல் லைன் எனக்கு, விளங்குதோ?"

ஒன்பது மணியளவில் தபால் கந்தோர்க் கவுண்டருக்குத் துண்டுகளை எடுக்கப் போனேன். எடுத்து வருகிற ஆள் மழையில் வரவில்லை. வாங்கில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள், அவர்களில் ஒருவர் கலியாணம் ஒன்றைத் தள்ளிவைக்கச் சொல்ல வந்தவர். கவுண்டரின் முன்னால் ஒரு பெரியவர் நின்றார். சாரம் இடுப்புவரை நனைந்திருந்தது. தலையில் வெள்ளைத் தொப்பி.

"மகள், கொழும்புக்குக் கதைக்க ஏலாதா?"

"லைன் அறுந்துபோச்சு, ஐயா. எப்ப வரும் எண்டு சொல்ல ஏலாது. எழுதி வச்சிட்டு இருங்கோ, வந்தவுடன கூப்பிடுறம்."

"இருக்க ஏலாது மகள். மத்தியானம் லுஹர் தொழுகையோட அடக்கணும். பொஞ்சாதி மவுத்தாயிட்டா."

மணி என்ன என்று கேட்டவனுக்குச் சொல்வது போலச் சொன்னார். குறிஞ்சாக்கேணி ஆள். துறையில் ஆட்களை ஏற்றிப்போகும் பாதைப் படகு ஓடவில்லை. மீன்காரத் தோணி ஒன்றைப் பிடித்துக் கரை கடந்து, மிச்சத்தை நடந்தும் லொறியிலுமாக வந்திருக்கிறார். மகன் கொழும்பில் நிற்கிறான். கப்பல் வேலை, முதற்பயணம். அன்று பின்னேரம் நாலு மணிக்குக் கப்பலேற வேண்டும். ஏறினால் ஒன்பது மாதம்.

சட்டைப் பையிலிருந்து எண்ணெய்ச்சீலையில் சுற்றிய கடதாசி ஒன்றை எடுத்தார். கப்பல் ஏஜன்ற் கந்தோரின் இலக்கம்.

நான் என் கேள்வியைக் கேட்டேன். அதற்குள் அது எனக்குப் பழக்கமாகியிருந்தது.

"இண்டைக்குச் சொல்லாட்டி என்ன நடக்கும், ஐயா?"

அவர் கடதாசியைக் கவுண்டரில் எனக்கு முன்னால் வைத்தார்.

"ஒண்டும் நடக்காது. அவன் வந்து சேர ஏலாது, பாதை இல்ல. உம்மாவைப் பார்க்க ஏலாது. அவன் பாட்டுக்குக் கப்பல்ல போவான். அங்க சிரிச்சிட்டு இருப்பான், உம்மா இஞ்ச இல்ல. அது சரியில்லத்தானே மகள்?"

"தெரிஞ்சால் கப்பலை விட்டிட்டு வந்திடுவாரே?"

"அதுக்குத்தான் நான் சொல்லணும். வேற ஆரும் சொன்னா விட்டிட்டு வந்திடுவான். வராத எண்டு வாப்பா சொன்னாக் கேப்பான்."

அந்தக் கேள்வி அதுவரை என்னைக் கைவிட்டதில்லை. அன்றைக்குத்தான் அதற்குள் அடங்காத ஒன்றைப் பார்த்தேன். ஒன்றும் நடக்காது என்பது அவருடைய பதில். ஆனாலும் இதை இன்றைக்குத்தான் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு சந்தேகமும் இல்லாமல் தெரிந்தது. வெங்காயத்துக்கு நாளை உண்டு. கலியாணத்தைத் தள்ளிவைக்க வந்தவருக்கும் நாளை உண்டு. அந்த மகனுக்கு நாலு மணிக்குப் பிறகு ஒன்பது மாதத்துக்கு நாளை இல்லை.

துண்டொன்றைத் திருப்பி, பென்சிலை எடுத்தேன்.

"சொல்லுங்கோ. நான் எழுதுறன். லைன் வந்தவுடன நானே சொல்லுறன்."

அது எனக்கு உரிய வேலையல்ல. பேசுகிறவர்களை இணைப்பது மட்டும்தான் நாங்கள். என்ன பேசுகிறார்கள் என்பதை அறியவே கூடாது. செய்தி வாங்கி ஒப்புவிப்பது வேலையைப் பறிக்கக்கூடிய குற்றம். கவுண்டர்க் கிளாக்கர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

பெரியவர் கவுண்டர்ப் பலகையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு சொன்னார். "உம்மா போயிட்டா. சுபஹுக்கு முந்தி. நோவு ஒண்டும் இல்ல. கடைசியா ஒண்ட பேரைத்தான் சொன்னா. நீ வராத. கப்பலேறு. வாப்பா சொல்றன்."

மூன்று நிமிடத்துக்கான கட்டணத்தைக் கட்டிவிட்டு மழைக்குள் இறங்கிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. என்னை அவ்வளவு நம்பினார்.

பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. கோடு வரவில்லை. லுஹர் நேரம் வந்தபோது, இப்போது அடக்குவார்கள் என்று நினைத்தேன். ஒரு மணி. ஒன்றரை. முதலாளி கூப்பிட்டபடி இருந்தார். இரண்டு மணிக்குச் சரோஜா என் இடத்தை எடுக்க வந்து நின்றாள். நான் எழும்பவில்லை.

அவளிடம் கொடுத்துவிட்டுப் போகலாமா என்று யோசிக்காமல் இல்லை. ஆனால் அவள் துண்டுகளை விதிப்படிதான் அடுக்குவாள், அடுக்கவும் வேண்டும். அவசர அழைப்புகள் போய், முன்னே எழுதிய சாதாரண அழைப்புகளும் போய், பெரியவருடைய முறை வரும்போது கப்பல் கடலில் நிற்கும். துண்டின் பின்பக்கத்தை வாசித்துச் சொல் என்று நான் கேட்டால், என் குற்றத்தை அந்தப் பிள்ளையின் தலையில் கட்டியதாகும். வீட்டில் சின்னவன் காய்ச்சலோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஆனால் அவனுக்குப் பக்கத்தில் அக்கா இருக்கிறா, மருந்து இருக்கிறது. நான் போகாவிட்டால் அவன் அழுவான். நான் எழும்பினால் இந்தச் செய்தியைச் சொல்ல உலகத்தில் ஒருவரும் இல்லை.

"பிலோமினா, போற வழியில எங்கட வீட்டை ஒருக்கா எட்டிப் பார். அம்மா பிந்தித்தான் வருவா எண்டு சொல்லிவிடு," என்றேன்.

அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் குடையை எடுத்துக்கொண்டு போனாள். சரோஜாவை உள்ளூர்ப் போர்டில் இருத்தினேன்.

இரண்டே முக்காலுக்கு இரைச்சல் கேட்டது. அதற்குள்ளிருந்து டொறீனின் குரல். கொழும்பு எக்ஸ்சேஞ்சில் இருந்த பறங்கிப் பெண். பத்து வருடமாகத் தினமும் பேசுகிறோம், ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை. எங்கள் பேச்செல்லாம் இங்கிலீஷில்தான்.

முதலில் ஆஸ்பத்திரியைக் கொடுத்தேன். டொக்டர் மருந்துக்குச் சொன்னார், நாலு நிமிடம். அவர் வைத்ததும் முதலாளியின் மூடி விழுந்தது. கோடு வந்ததை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். அடுத்தது அவர்தான், விதிப்படி.

நான் அந்த மூடியை விழுந்தபடியே விட்டேன். "டொறீன், பென்சில் எடு. இதை இணைக்க வேண்டாம், எழுதிக்கொள்," என்றேன்.

இரைச்சலுக்குள் அவள் மேசை இழுப்பறையைத் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "சொல்லு," என்றாள்.

கப்பலின் பெயர், மகனின் பெயர், ஏஜன்றின் இலக்கம் சொன்னேன். தாய் இன்று காலை இறந்துவிட்டார் என்றேன். தகப்பன் வரவேண்டாம் என்கிறார், கப்பலேறச் சொல்கிறார் என்றேன். இரைச்சலில் அவளுக்கு 'வா' என்று கேட்டது. இல்லை, வராதே, வராதே, ஏறு என்று மூன்று தரம் கத்தினேன். அது மாறிப்போனால் ஒரு பையனின் வாழ்க்கை மாறிப்போகும். அது மட்டும் சரியாகப் போய்ச் சேரட்டும் என்று, கடைசியாகப் பெயரைச் சொன்ன வரியை விட்டுவிட்டேன். டொறீன் திருப்பிச் சொன்னாள். சரியாக இருந்தது. "இப்பவே ஏஜன்றுக்கு அடிக்கிறேன்," என்றாள்.

எல்லாமாக இரண்டு நிமிடம். துண்டில் நேரத்தையும், செய்ததையும், என் பெயரையும் எழுதினேன். பிறகு முதலாளியை இணைத்தேன். அவர் ஒரு நிமிடம்கூடப் பேசியிருக்கமாட்டார், கோடு அறுந்தது. அதன்பிறகு அன்று வரவேயில்லை. வாங்கில் காத்திருந்தவர்களும் வெறுங்கையோடு போனார்கள். அவர்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் எழும்பினேன்.

வீட்டுக்குப் போகும்போது நாலரை தாண்டிவிட்டது. சின்னவன் அழுது களைத்துத் தூங்கிவிட்டான். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தது. மூத்தவள் வாசலில் நின்றாள்.

"ரெண்டு மணி எண்டனீங்கள், அம்மா."

"ஓம். சொன்னனான்," என்றேன். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. இவ்வளவையும் விளங்கப்படுத்த ஏலாது.

மூன்றாம் நாள் காலை கோடு சீராகிவிட்டது. டொறீன் முதல் வேலையாகச் சொன்னாள். ஏஜன்ற் கந்தோரின் ஆள் சைக்கிளில் துறைமுகத்துக்குப் போய், படகில் ஏறுகிற நேரத்தில் அவனைக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறான். பையன் கொஞ்சநேரம் படியில் இருந்துவிட்டு, எழும்பிப் படகில் ஏறினானாம்.

பத்து மணிக்குக் கனகசபை கூப்பிட்டார். மேசையில் முதலாளியின் முறைப்பாடு இருந்தது. ரைப் அடித்த இரண்டு பக்கம். பிரதி கொழும்புக்கும் போயிருந்தது. பக்கத்தில் என் துண்டு. அதற்கும் பக்கத்தில் அவர் கையால் எழுதிய தாள்.

"வாசிச்சுப் பாருங்கோ. பிழை எண்டால் திருத்துங்கோ."

அவசர அழைப்புக்கு முன் சாதாரண அழைப்பைக் கொடுத்தது. செய்தியைக் கேட்டு எழுதியது. அதை ஒப்புவித்தது. முறை முடிந்தபிறகும் போர்டை ஒப்படைக்காதது. எல்லாம் சரி.

"பிழையில்லை, சேர்."

"இந்தத் துண்டைக் கிழிச்சுப் போட்டிருக்கலாம். அவருடைய லைன் அறுந்தது காத்தடிச்சதால எண்டு நான் எழுதியிருப்பன். ஒருத்தருக்கும் தெரியவந்திராது. ஏன் கிழிக்கேல்லை?"

அவர் வாயால் ஏன் என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

"கிழிச்சால் நான் செய்தது களவு எண்டாகும், சேர். நான் தெரிஞ்சுதான் செய்தனான். திரும்பவும் அப்பிடி நாள் வந்தால் திரும்பவும் செய்வன்."

துண்டின் பின்பக்கத்தைத் திருப்பினார். பென்சில் எழுத்தை நீண்டநேரம் வாசித்தார். ஆறு வரிக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. பிறகு ரைப்ரைட்டரைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு விரலால் தானே ஒரு எச்சரிக்கைக் கடிதம் அடித்தார். செய்தியைக் கேட்டு எழுதியது விதிக்குப் புறம்பானது, இனி நிகழக்கூடாது என்று இருந்தது. ஒழுங்கை மாற்றியதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒப்பம் வைத்தேன். கதவுவரை போனபோது அவர் தலை நிமிராமலே சொன்னார்.

"வெங்காயம் நாளைக்கும் வாங்கலாம், மிசிஸ் அருள்நாயகம்."

அடுத்த மாரிக்கு முன்பு போர்டுக்கு மேலே ஒரு அறிவித்தல் ஒட்டப்பட்டது. கோடுகள் பழுதான நாட்களில் மரணச் செய்தியும் ஆஸ்பத்திரியும் எல்லா அழைப்புக்கும் முன்னே, மேற்பார்வையாளரின் ஒப்பத்தோடு. கொழும்புக்கு மூன்று கடிதம் எழுதி அவர் வாங்கிய அனுமதி அது. சில வருடம் கழித்து என்னை மேற்பார்வையாளராகப் போட்டபோது, அந்த ஒப்பத்தை வைக்கும் வேலை எனக்கே வந்தது. பணிக்காலத்தில் எனக்கு நற்சான்றுகள் சில கிடைத்தன. அவற்றை எங்கே வைத்தேன் என்று தேட வேண்டும். எச்சரிக்கைக் கடிதம் அலுமாரியில் மேல்தட்டில் இருக்கிறது.

இன்னொன்றைச் சொல்லாமல் முடிக்க ஏலாது. அந்த மாரி போய், வெயில் வந்து, கச்சான் காற்றும் ஓயத் தொடங்கியிருந்த ஒரு காலை. போர்டில் நல்ல வேலை. கவுண்டர்க் கிளாக்கர் வந்து, உங்களைத் தேடி ஒரு ஆள் நிற்கிறார் என்றார். வேலை நேரத்தில் நான் யாருக்கும் எழும்புவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

"குறிஞ்சாக்கேணியாம்," என்றார்.

போனேன். மெலிந்த, கறுத்த இளைஞன். புதுச் சட்டை. என்னைக் கண்டதும் கையிலிருந்த தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"நீங்கதான் சொன்னதெண்டு கொழும்பில சொன்னாங்க. எனக்கு அங்க சொன்னது, தாய் இறந்திட்டா, கப்பல்ல போகட்டாம், அவ்வளவுதான். அண்டைக்கு இரவு கப்பல்லயே தொழுதன். வாப்பாட்டக் கேட்டா அவர் அழுறார், சொல்ல ஏலாம. அண்டைக்கு உங்களுக்கு அவர் என்ன சொன்னவர், மிஸ்? அப்பிடியே சொல்லுவீங்களா?"

பேசுகிறவர்களின் பேச்சைக் கேட்கக்கூடாது, கேட்டாலும் மறந்துவிட வேண்டும் என்று படித்த தொழில். நான் மறந்திருக்கவில்லை. கவுண்டர்ப் பலகைக்கு இந்தப் பக்கம் நின்று, அவருடைய சொல்லிலேயே சொன்னேன்.

"உம்மா போயிட்டா. சுபஹுக்கு முந்தி. நோவு ஒண்டும் இல்ல. கடைசியா ஒண்ட பேரைத்தான் சொன்னா. நீ வராத. கப்பலேறு. வாப்பா சொல்றன்."

அவன் தொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எண்ட பேரைச் சொன்னாவா?"

"ஓம் தம்பி. லைன் சரியில்லை, அண்டைக்கு எனக்கு அதை அனுப்ப ஏலாமல் போச்சு."

உள்ளே மூடிகள் விழுகிற சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. பிலோமினா என்னை எட்டிப் பார்த்துவிட்டுத் தானே கயிறுகளை எடுத்தாள்.

"இன்னொருக்காச் சொல்லுவீங்களா, மிஸ்?" என்று கேட்டான்.

அழைப்புகள் காத்திருக்க நான் போர்டை விட்டு நின்றது என் வேலைக்காலத்தில் அந்த ஒரு தடவைதான். முதலிலிருந்து, ஒரு சொல்லும் விடாமல், ஆறுதலாக இன்னொரு தரம் சொன்னேன்.